வாசகர் கேள்வி பதில்: பிள்ளையைக் கரைக்கு விடலாமா?

போன இதழில் "லீவு விட்டாச்சு, பிள்ளைகளை வெளியே விரட்டுங்கள்" என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். பாதிப் பேர் கைதட்டியும் மீதிப் பேர் திட்டியும் எழுதியிருக்கிறீர்கள். ராமநாதபுரம் கரையோரத்திலிருந்து வந்த கடிதங்கள்தான் அதிகம் என்பதால் இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில்.

அண்ணே, என் பையனுக்கு 10 வயசு. அந்த வயசில் நான் காலையில் கரைக்குப் போனால் மத்தியானம் சோற்றுக்குத்தான் வீடு திரும்புவேன். இப்போது என் வீட்டம்மா அவனைத் தெருமுக்குக்கூட விடுவதில்லை. "கடல் பக்கம் போனா காலை ஒடிச்சிருவேன்" என்று மிரட்டியே வளர்க்கிறாள். நாங்களெல்லாம் செத்தா போயிட்டோம்? யார் பக்கம் நியாயம்னு நீங்களே சொல்லுங்க.
*– வாசகர், தங்கச்சிமடம்*

செத்துப்போனவர்கள் பத்திரிகைக்குக் கடிதம் எழுத மாட்டார்கள் தம்பி. "நாங்க நல்லாத்தானே இருக்கோம்" என்று சொல்ல மிஞ்சியிருப்பவர்கள் மட்டும்தான் பேசுகிறோம். உங்கள் தெருவில் வயசான அம்மா யாரிடமாவது உட்கார்ந்து கேளுங்கள், தண்ணீர் கொண்டுபோன பிள்ளையின் கதை ஒன்றாவது வரும். அதனால் உங்கள் வீட்டம்மாவின் பயத்தைக் கேலி பண்ணாதீர்கள். ஆனால் அந்தப் பயத்துக்கு அவர் கண்டுபிடித்த மருந்து இருக்கிறதே, அது சரியில்லை என்றுதான் நானும் சொல்வேன்.

நீங்கள் சும்மா சுற்றியதாக நினைக்கிறீர்கள். சும்மா சுற்றவில்லை. கரையில் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டு ஒரு பெரியப்பா இருந்தார், மீன் பிரித்துக்கொண்டு நாலு சித்திமார் இருந்தார்கள், கரைவலை இழுக்கிற இடத்தில் நீங்களும் கயிற்றைப் பிடித்துவிட்டுக் கைக்கு வந்த பொடிமீனை வாங்கிக்கொண்டு போயிருப்பீர்கள், கொஞ்சம் ஆழத்துக்குப் போனால் யாரோ ஒருவர் கெட்ட வார்த்தையில் கூப்பிட்டிருப்பார். அந்த வசவுக்குப் பெயர்தான் பாதுகாப்பு. இப்போது அந்தக் கண்கள் கரையில் குறைந்துவிட்டன. ஊரே மாறிப்போன பிறகு "என் காலத்தில் விட்டாங்க, அதனால் விடு" என்றால் உங்கள் வீட்டம்மா எப்படி ஒத்துக்கொள்வார்?

இன்னொன்று, உங்களுக்குத் தெரிந்த விஷயங்கள் அவனுக்குத் தெரியுமா? நம் ராமேஸ்வரம் தீவுக்கு இரண்டு பக்கமும் கடல், வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. பெண் கடல், ஆண் கடல் என்று நாம் சொல்வதைக் கேட்டு வடக்கு எப்போதும் சாது, தெற்கு எப்போதும் முரடு என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற ஆனி ஆடியில் தெற்கு முரடாக இருக்கும், வாடைக்காற்று வந்துவிட்டால் ஐப்பசி கார்த்திகையில் அதே வடக்குப் பக்கம் கொந்தளிக்கும். இந்தளவு பையனே யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்வான். அவனுக்குத் தெரியாதது இதற்கு அடுத்தது. கச்சான் அடிக்கும்போது வடகரையில் தண்ணீர் தட்டையாகக் கிடக்கும், அலையே இருக்காது, பார்த்தால் குளிக்க அதைவிட நல்ல நாள் கிடையாது என்று தோன்றும். ஏன் தட்டையாக இருக்கிறது? காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கிறது, அதனால்தான். அன்றைக்கு ஒரு பையன் தெர்மாகோல் மிதப்பில் குப்புறப் படுத்துக் கையால் துழாவி விளையாட ஆரம்பித்தால் அவனுக்கே தெரியாமல் காற்று தள்ளிக்கொண்டு போகும், திரும்பிப் பார்க்கும்போது கரை தூரத்தில் இருக்கும். மிதப்பை விட்டுவிட்டு நீந்தி வந்துவிடலாம் என்று அப்போதுதான் தோன்றும், அது அதைவிட மோசம். மிதப்பை விடாதே, அதன் மேலேயே கிட, கையைத் தூக்கி ஆட்டு, சத்தம் போடு. இதை அவனிடம் யார் சொல்லியிருக்கிறீர்கள்? "காலை ஒடிச்சிருவேன்" என்பதில் இந்தத் தகவல் எங்கேயும் இல்லை. மிரட்டி வளர்த்த பையன் என்றைக்காவது ஒருநாள் வீட்டுக்குத் தெரியாமல் கரைக்குப் போகத்தான் போகிறான், அன்றைக்கு ஒன்றும் தெரியாமல் போவான்.

தெற்குப் பக்கம் வேறு கதை. அங்கே அலை உடைந்து திரும்பும்போது வாய்க்கால் மாதிரி ஒரு இடத்தில் மட்டும் தண்ணீர் உள்ளே இழுக்கும். கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தினால் கை ஓய்ந்துவிடும், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த இழுப்பைத் தாண்டிவிட்டு அப்புறம் கரைக்குத் திரும்ப வேண்டும். தனுஷ்கோடி அரிச்சல்முனையில் இரண்டு கடலும் சேர்கிற இடத்தில் இந்தக் கணக்கெல்லாம் எடுபடாது. அங்கே குளிக்கவே வேண்டாம், பெரியவர்களுக்கும்தான் சொல்கிறேன்.

அப்புறம் திருக்கை. மணலுக்குள் உடம்பைப் புதைத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் படுத்திருக்கும். காலைத் தூக்கித் தூக்கி வைத்தால் அதன் முதுகில் மிதிப்போம், முள்ளால் அடித்துவிடும். காலை மணலோடு தேய்த்துக்கொண்டே நடந்தால் அதிர்வு தெரிந்து அதுவே விலகிப் போய்விடும். அடிபட்டால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்திருக்க வேண்டும், அதன் விஷத்துக்குச் சூடு ஆகாது, வலி குறையும். முள் ஒடிந்து உள்ளே தங்கியிருக்கலாம் என்பதால் ஆஸ்பத்திரிக்கும் போய்த்தான் ஆக வேண்டும்.

ஆகவே முதலில் நீச்சல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம், அதே சமயத்தில்தான் பள்ளிக்கூடத்துக்கும் லீவு. படகுக்குப் போகிற அப்பாமார்கள் கரையில் சும்மா இருக்கிற 61 நாள். நீங்கள் படகுக்காரரோ இல்லையோ, அந்த நாட்களில் வடகரையில் இடுப்புத் தண்ணீரில் அவனை இறக்கி மிதக்கச் சொல்லிக்கொடுங்கள். நீந்துவதற்கு முன்னால் மல்லாந்து மிதக்கத் தெரிய வேண்டும். அது வந்த பிறகு நீங்கள் கரையில் உட்கார்ந்து பாருங்கள், கொஞ்ச நாள் கழித்துக் கூட்டாளிகளோடு விடுங்கள், தனியாக மட்டும் வேண்டாம். வீட்டம்மாவையும் ஒருநாள் கூட்டிக்கொண்டு போய் அவன் மிதப்பதைக் காட்டுங்கள். வாதாடி அவரை ஜெயிக்க முடியாது, கண்ணால் பார்த்தால் ஒருவேளை ஒத்துக்கொள்வார்.

ஐயா, கலாம் சின்ன வயசில் ஓடுற ரயிலில் இருந்து விழும் பேப்பர் கட்டைப் பிடித்தார் என்று எங்கள் ஸ்கூலில் அடிக்கடி சொல்கிறார்கள். நாங்கள் பிளாட்பாரத்தில் ஓடினாலே அடிக்கிறார்கள். இது என்ன நியாயம்?
*– எட்டாம் வகுப்பு மாணவன், ராமேஸ்வரம்*

நல்ல கேள்வி, உன் ஆசிரியர் படிக்கட்டும். 1939-இல் இரண்டாம் உலகப் போர் ஆரம்பித்தபோது கலாமுக்கு எட்டு வயசு. போர்க்காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்பதை நிறுத்திவிட்டார்கள், அதனால் ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவில் பேப்பர் கட்டை வெளியே எறிவார்கள், அதைப் பொறுக்க அவருடைய உறவுக்கார அண்ணன் அவரைத் துணைக்கு வைத்துக்கொண்டார். அது விளையாட்டு இல்லை, சம்பள வேலை. "அந்தக் காலத்துப் பிள்ளைகளின் சுதந்திரம்" என்று பெரியவர்கள் பெருமை பேசுவதில் முக்கால்வாசி இப்படி வீட்டுக்கு நாலு காசு சேர்க்க ஓடிய ஓட்டம்தான். நீ ரயிலில் இருந்து எதையும் பிடிக்க வேண்டாம், ரயிலோடு செல்ஃபியும் வேண்டாம். ஆனால் ஆசிரியரிடம் ஒன்று கேள்: அந்த எட்டு வயசுப் பையனை நம்பி ஊர் பேப்பருக்குக் காத்திருந்ததே, பதின்மூன்று வயசுப் பையனான என்னை நம்பி எந்த வேலையைக் கொடுத்திருக்கிறீர்கள் என்று.

ராமநாதபுரம் டவுனில் புதுசாகக் கட்டிய குடியிருப்பில் இருக்கிறோம். எனக்கு ஒன்பது வயதில் மகன். தினமும் வாட்ஸ்அப்பில் பிள்ளை பிடிக்கிறவர்கள் பற்றி ஏதாவது வருகிறது. வடநாட்டுக்காரர்கள் நிறைய வந்துவிட்டார்கள் என்கிறார்கள். எப்படி வெளியே விடுவது? நீங்கள் வந்து காவல் இருப்பீர்களா?
*– ஒரு தாய், ராமநாதபுரம்*

கோபம் புரிகிறது. இருந்தாலும் அந்த ஃபார்வர்டுகளை நிறுத்துங்கள் அம்மா, தயவுசெய்து. 2018-இல் இதே மாதிரி வதந்தி தமிழ்நாடு முழுக்கச் சுற்றியபோது திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்கு வந்த குடும்பத்தில் வயசான அம்மா ஒருவர் பிள்ளைகளுக்குச் சாக்லெட் கொடுத்தார், பிள்ளை பிடிக்கிறவர் என்று சொல்லி அவரை அடித்தே கொன்றார்கள். தெரியாத பிள்ளைக்கு மிட்டாய் கொடுக்கிற பாட்டியை நாம் அந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டோம். நீங்களும் நானும் யாரோ கொடுத்த கடலைமிட்டாயைத் தின்று வளர்ந்தவர்கள்தான்.

உண்மையான ஆபத்து எங்கே என்று பாருங்கள். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குகளில், போக்சோ சட்டத்தின் கீழ் பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்குத் தெரிந்தவர். உறவு, அண்டை வீடு, பழகிய ஆள். தெருவுக்கு விடாமல் வீட்டுக்குள் வைத்துப் பூட்டினால் இதிலிருந்து தப்பலாம் என்பதில்லை. "யார் தொட்டாலும் பிடிக்கவில்லை என்றால் வந்து சொல், அது மாமாவாக இருந்தாலும் நான் உன்னைத்தான் நம்புவேன்" என்று மகனிடம் எப்போதாவது சொல்லியிருக்கிறீர்களா? பையன்தானே என்று விட்டுவிட வேண்டாம், பையன்களுக்கும் நடக்கிறது. 1098 என்கிற குழந்தைகள் உதவி எண்ணை உங்கள் நம்பர் மாதிரியே மனப்பாடம் செய்ய வையுங்கள்.

அடுத்தது வண்டி. 2022-இல் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1.68 லட்சம் பேர். அந்தப் பயம் நியாயமான பயம். டவுனிலிருந்து மண்டபம் போகிற தேசிய நெடுஞ்சாலையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் 2017-க்குப் பிறகு, அரிச்சல்முனை வரை ரோடு போட்டு விட்டதிலிருந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிற வேன்களையும் கார்களையும் பார்த்தால் எனக்கே நடக்கப் பயம். ஆனால் நாமே வண்டியில் ஏறிவிட்டால் இந்தப் பயம் நமக்கு வருவதே இல்லை, ஹெல்மெட் இல்லாமல் பிள்ளையை வண்டியின் முன்னால் நிற்கவைத்து அந்த ரோட்டிலேயே ட்யூஷனுக்குக் கொண்டுபோகிறோம். ஒன்பது வயசில் மெயின் ரோட்டைத் தனியாகக் கடக்க விடாதீர்கள், அதில் நான் உங்கள் கட்சி. மெயின் ரோட்டைக் கடக்காமல் போகிற மாதிரி ஊருணியோ மைதானமோ கோயில் வாசலோ எது இருக்கிறதோ அதை அவனோடு சேர்ந்து நடந்து பார்த்து எல்லை குறித்துக் கொடுங்கள், இதற்குள் நீ ராஜா, இதைத் தாண்டினால் சொல்லிவிட்டுப் போ.

கண்மாய் இருந்தால் அங்கே மட்டும் ஒருமுறை நீங்களே இறங்கிப் பார்க்காமல் விடாதீர்கள். முன்பெல்லாம் கரையிலிருந்து மெதுவாக ஆழமாகும், கால் தட்டிக்கொண்டே இருக்கும். இப்போது ஜேசிபி விட்டு மண் அள்ளிய கண்மாய்களில் இரண்டடி வைத்தால் மூன்றாவது அடியில் ஆள் ஆழத்துக்குக் குழி. மழை பெய்து நிரம்பிவிட்டால் மேலே ஒன்றும் தெரியாது. மண்ணை அள்ளியது பெரியவர்கள், ஜாக்கிரதையாக இரு என்று புத்தி சொல்வது பிள்ளைகளுக்கு.

எல்லை சுருங்குவது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்தில் ஒரே குடும்பத்தின் நாலு தலைமுறையைக் கேட்டு எழுதியிருந்தார்கள்: கொள்ளுத்தாத்தா எட்டு வயசில் மீன்பிடிக்க ஆறு மைல் தனியாக நடந்து போனார், 2007-இல் கொள்ளுப்பேரன் அதே எட்டு வயசில் தனியாகப் போக அனுமதி தெருக்கோடி வரை, 300 கஜம். உங்கள் வீட்டிலும் மாமனாரிடம் கேட்டுப் பாருங்கள், கணக்கு இதைவிட மோசமாக இருக்கும். நான் காவலுக்கு வர முடியாது அம்மா, ஆனால் அதே குடியிருப்பில் இதே பயத்தோடு இன்னும் பத்து அம்மாக்கள் இருப்பார்கள். சாயங்காலம் ஆளுக்கு ஒருநாள் கீழே நாற்காலி போட்டு உட்காருங்கள், மற்ற நாள் உங்கள் பிள்ளையை மற்றவர்கள் பார்ப்பார்கள்.

என் அம்மா அந்தக் காலத்தில் கடல்பாசி எடுக்கப் போனவர். இப்போது என் அண்ணன் மகளுக்குப் பன்னிரண்டு வயசு, வயசுக்கு வந்துவிட்டாள் என்று சைக்கிள்கூட ஓட்ட விடமாட்டேன் என்று நிற்பதும் அதே அம்மாதான். என்ன சொல்லிப் புரியவைப்பது?
*– ஒரு அத்தை, பாம்பன் சின்னப்பாலம் பக்கம்*

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் "நாங்கள் சின்ன வயசில் ஊரெல்லாம் சுற்றினோம்" என்று எழுதியிருந்த மற்ற கடிதங்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஒன்றுவிடாமல் எல்லாம் ஆண்கள். நாம் ஏங்குகிற அந்தச் சுதந்திரம் பாதி வீட்டுக்குத்தான் இருந்தது, மீதிப் பாதி தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

ஆனால் உங்கள் அம்மா வாசலில் நின்றவர் இல்லை. விரல் கிழியாமல் இருக்கத் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, தீவோரப் பாறைகளில் மூச்சடக்கி முங்கி மரிக்கொழுந்துப் பாசி பறித்தவர்கள் அவர்கள். 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் தேசியப் பூங்கா ஆக்கிய பிறகு அந்தத் தொழிலே கெடுபிடிக்குள் போய்விட்டது. அத்தனை பேர் கூட்டமாகப் போனார்கள், கூட்டமாக வந்தார்கள் என்பதுதான் அதிலிருந்த தைரியம். அவரிடம் "நீங்க மட்டும் போனீங்களே" என்று சண்டை போட்டால் "அது வயித்துப்பாட்டுக்கு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். அதைவிட, யார் யாரோடு போவீர்கள், யார் முங்கச் சொல்லிக்கொடுத்தார், பயந்தது எப்போது என்று பேத்தியை வைத்துக்கொண்டு கேளுங்கள். சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்.

சைக்கிளுக்கு வருவோம். 1990-களின் தொடக்கத்தில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த அறிவொளி இயக்கம் நடந்தபோது நமக்குப் பக்கத்தில் இருக்கிற புதுக்கோட்டை மாவட்டத்தில் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள், அப்போதும் ஊர் இதையேதான் பேசியது. பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கமே சைக்கிள் கொடுக்கிறது, அன்றைக்கு அவள் மெயின் ரோட்டில் முதல் தடவையாக ஏறிப் பழகுவது நல்லதா, இப்போதே தெருவுக்குள் விழுந்து எழுந்து பழகுவது நல்லதா? அவளோடு படிக்கிற இரண்டு மூன்று பெண்களைச் சேர்த்து அனுப்புங்கள், தனியாக ஒருத்தி போனால் கண்ணில் படும், நாலு பேர் போனால் பழகிவிடும். நீச்சலும் கற்றுக்கொள்ளட்டும். நைட்டி, தாவணி, சுடிதார் எதுவானாலும் தண்ணீரில் கனக்கும், அந்தத் துணியோடேயே மிதந்து பழக வேண்டும். சொல்லிக்கொடுக்கத்தான் வீட்டிலேயே ஆள் இருக்கிறாரே.

பனைமரம் ஏற விடலாமா?
*– வாசகர், சாயல்குடி*

பனை வேண்டாம். பழக்கப்பட்ட தொழிலாளிகளே தவறி விழுகிற மரம் அது, கிளை கிடையாது, பிடி விட்டால் நேரே தரைதான். வேம்பு, புளி, புங்கை ஏறட்டும், ஆனால் நீங்கள் ஏற்றிவிடாதீர்கள், தானாக ஏறத் தெரிந்த உயரம்தான் தானாக இறங்கத் தெரிந்த உயரம். நுங்கு சீசனில், நுங்கு எடுத்த பிறகு மிஞ்சுகிற கோந்தையை வைத்து வண்டி செய்ய மட்டும் கத்தியைக் கையில் கொடுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து. விரலில் கீறல் விழும், விழட்டும். சீமைக்கருவேல முள்ளைவிட ஒன்றும் பெரிசில்லை.

தொண்டி பக்கம் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். கடலுக்கு ஒரு கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் என் வகுப்பில் பாதிப் பேர் கடலில் கால் வைத்ததில்லை. கூட்டிப் போகிறேன் என்றால் ஹெச்.எம். "ஏதாவது ஆனா யார் பதில் சொல்றது?" என்கிறார். வழி உண்டா?
*– ஆசிரியர்*

ஹெச்.எம்.மைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு பிள்ளைக்குக் கால் சுளுக்கினால் டிவியில் முகம் வருவது அவருடையது. பொறுப்பு ஒரே ஒருவர் தலையில் விழுகிற இடத்தில் யாராக இருந்தாலும் "வேண்டாம்" என்றுதான் சொல்வார்கள். அதனால் பொறுப்பைப் பங்கு போடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பாதிக்கு மேல் பெற்றோர்தானே, அங்கே வைத்துத் தீர்மானமாக எழுதி வாங்குங்கள். குழுவில் மீனவக் குடும்பத்தார் இருந்தால் அவர்களையே துணைக்கு அழையுங்கள், கடலைப் பற்றி உங்களைவிட அவர்களுக்குத்தான் தெரியும்.

அவரிடம் வாதாட உங்களுக்கு இரண்டு விஷயம் தருகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2021-இல் தண்ணீரில் மூழ்கி இறந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர், அதில் கால்வாசிப் பேர் ஐந்து வயசுக்குக் கீழே. பள்ளி வயசுப் பிள்ளைகளுக்கு நீச்சலும் தண்ணீர்ப் பாதுகாப்பும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது அவர்களே சொல்கிற வழி. வங்கதேசத்தில் நீச்சல் குளத்துக்கெல்லாம் காசு தேடாமல் கிராமத்துக் குளத்திலேயே மூங்கிலால் மேடை கட்டி இறக்கிச் சொல்லிக்கொடுத்தார்கள், கற்றுக்கொண்ட பிள்ளைகள் மூழ்குவது வெகுவாகக் குறைந்தது. இரண்டாவது, கண். தைவானில் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை பெருகிப் போய் 2010-லிருந்து பள்ளிகளில் தினமும் இரண்டு மணி நேரம் வெளிவெளிச்சத்தில் இருக்கச் செய்தார்கள், ஏறிக்கொண்டே போன கிட்டப்பார்வை இறங்க ஆரம்பித்தது. உங்கள் வகுப்பில் எத்தனை பேர் கண்ணாடி போட்டிருக்கிறார்கள் என்று எண்ணி ஹெச்.எம்.மிடம் சொல்லுங்கள், அது சில சமயம் வேலை செய்யும்.

முதல் பயணமே திறந்த கடலாக இருக்க வேண்டாம். பக்கத்திலேயே காரங்காடு அலையாத்திக் காடு இருக்கிறது, வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து படகு விடுகிறார்கள், லைஃப் ஜாக்கெட் போட்டுத்தான் ஏற்றுவார்கள், அனுமதி கேட்கும்போது அது உங்களுக்கு நல்ல பிடி. அங்கே போய்வந்து ஒன்றும் ஆகவில்லை என்று ஹெச்.எம். மூச்சு விட்ட பிறகு, தண்ணீர் வற்றுகிற நேரமாகப் பார்த்து உங்கள் ஊர்க் கரைக்கு. முழங்கால் தண்ணீரில் கடற்புல்லைக் காட்டுங்கள். உங்களுக்கு வடக்கே தஞ்சாவூர், புதுக்கோட்டை கடலோரத்தில் 2022-இல் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசு பாதுகாப்பகமாக அறிவித்ததே அந்தப் புல்லை மேய வருகிற கடற்பசுவுக்காகத்தான். இரண்டு இரண்டு பேராகக் கைகோத்து இறக்குங்கள், பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர், விசில் ஒன்று, தலை எண்ணுவது இறங்கும் முன்னும் ஏறிய பின்னும். ஒப்புதல் கடிதத்தில் மாற்றுடுப்பு ஒரு செட் கொடுத்து அனுப்பச் சொல்லி எழுதிவிடுங்கள், முழங்காலோடு நிற்கிற பிள்ளையை நான் இன்னும் பார்த்ததில்லை.